சென்னைக்குப் பக்கத்தில் சமதளக் காட்டுக்குள் கிராவல் பைக் ஓட்ட இடம் இருக்கிறதா?

வேளச்சேரி நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மலை ஏறத் தெம்பில்லை, ஓ.எம்.ஆரில் லாரிகளோடு ஓட்டி அலுத்துவிட்டது. வெளிநாட்டு வீடியோக்களில் வருவதுபோல, சமதளமான காட்டுக்குள், நிழலில், காலையிலிருந்து மதியம்வரை கிராவல் பைக்கில் (மண், சரளைப் பாதைக்கென்று அகல டயர் போட்ட சைக்கிள்) சுற்ற சென்னைப் பக்கம் இடம் உண்டா? அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் போட்டுப் புது வண்டி வாங்கலாமா, இருக்கிற ஹைப்ரிட்டே (ரோட்டுக்கும் கரடுமுரடுக்கும் நடுவாந்தரமான சைக்கிள்) போதுமா? தனியாகப் போகலாமா? இதுவரை வந்த பதில்கள் எந்த கம்பெனி, எந்த மாடல் என்றே போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் கேள்வியில் முக்கால்வாசி மண்ணைப் பற்றியது என்று எனக்குப் படுகிறது. வண்டியைக் கடையில் வாங்கிவிடலாம், ஓட்டுகிற தரை எங்கே, அது யாருடையது, மழை பெய்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

என்னைப் பற்றி ஒரு வரி. சிவில் என்ஜினியர். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் கிராமச் சாலை வேலைகளில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். வேலை என்னவென்றால் கிராவல் ரோட்டைத் தார் ரோடாக மாற்றுவது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கிய பிறகு, எத்தனை கிலோமீட்டர் மண் சாலையை நானே கையெழுத்துப் போட்டு மூடியிருப்பேன் என்று கணக்கில்லை. இப்போது பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில், என் கைக்குத் தப்பிய துண்டுகளைத் தேடிச் சைக்கிளில் அலைகிறேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத வாரம் இல்லை. பந்தயம் ஓட்டியவன் இல்லை. வேகம், பயிற்சித் திட்டம் பற்றியெல்லாம் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. தெற்கு, மேற்குப் பக்கம் நன்றாகத் தெரியும். கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் நாலைந்து தடவை போனதோடு சரி. அதற்குத் தக்கபடி என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

'கிராவல்' என்பது சைக்கிள்காரர்கள் கொண்டுவந்த சொல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் மனைக்கட்டு வாங்கிய எவரும் 'நாலு லோடு கிராவல் அடிக்கணும்' என்று பேசியிருப்பார்கள். செம்மண்ணும் இரும்புச் சத்து இறுகிய சின்னச் சின்ன உருண்டைச் சரளையும் கலந்த மண் அது. சென்னையைச் சுற்றிப் பழைய காலத்திலிருந்தே கிடைப்பது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தாரே, இந்தியத் தொல்லியலே தலைகீழானது அதனால்தானே, அது கிடைத்த இடம் சரளை தோண்டிய ஒரு குழி. ரோடு போடுகிறவனுக்கு இதில் ஒரு சின்னக் கர்வம் உண்டு, மன்னித்துவிடுங்கள். சொல்ல வந்தது, ஓட்டுவதற்கான தரை இங்கே தாராளமாக இருக்கிறது. குறைவாக இருப்பது நீங்கள் கேட்கும் காடுதான்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன், இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சென்னையைச் சுற்றிக் காடு என்று மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். சைக்கிள் சத்தம் போடாது, புகை விடாது என்பதெல்லாம் சட்டத்தின் முன் வாதம் ஆகாது. கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 270 ஹெக்டேர், சைக்கிளுக்கு வழியில்லை. நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 ஹெக்டேர், சுற்றிலும் வீடுகள் நெருக்கிவிட்டன. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர், அங்கே வாடகைச் சைக்கிள் தருகிறார்கள். மரநிழலில், முழுக்கச் சட்டப்படி சைக்கிள் மிதிக்க நகரத்துக்கு மிக அருகில் உள்ள இடம் அதுதான். தார் ரோடு, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்கள் வீடியோவில் வந்தது இது இல்லை என்று எனக்கும் தெரியும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, காட்டுக்குள் விடுவதில் கெடுபிடி கூடியது, கூடவும் வேண்டும். கோடையில் காய்ந்த புல்லுக்குள் இருபது பேர் சைக்கிளோடு மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் ஓடுவது?

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, மாட்டியவன் என்பதால் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் செங்கல்பட்டு தாலுகாவில் ஒரு காப்புக்காட்டின் ஓரம், யாரோ செயலியில் ஏற்றி வைத்திருந்த தடத்தைப் பின்பற்றிப் போனேன். அருமையான செம்மண் பாதை, இரண்டு பக்கமும் களாச்செடி, ஒரு கௌதாரிக் கூட்டம். எல்லைக் கல்லைத் தாண்டியதைக் கவனிக்கவே இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் போன பிறகு வனக் காவலர் ஒருவர் எதிரே நின்றார். கத்தவில்லை, அபராதமும் போடவில்லை. பேரும் விலாசமும் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, என் போனை வாங்கி அந்தத் தடத்தைப் பார்த்தார். "சார், உங்க ஒரு சைக்கிளால காடு கெட்டுப் போயிடாது. நீங்க போன கோடு இதுல நிக்குதில்ல, நாளைக்கு அதைப் பாத்து புல்லட்டுல வருவான், அடுத்த வாரம் பாட்டிலோட வருவான்" என்றார். அன்றிலிருந்து காட்டோரத்தில் ஓட்டிய எதையும் நான் செயலியில் பொதுவில் போடுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிலிலும் ஒரு வரைபட இணைப்புகூட இருக்காது.

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது, அது சட்டம் சார்ந்தது இல்லை. சாலையின் மேல் மரங்கள் கூரை போட்டு நிற்கும் காடு கடற்கரைச் சமவெளியின் இயல்பே கிடையாது. இங்கே இயற்கையாக வளர்வது உலர் பசுமைமாறாக் காடு, அதுவும் கெட்டுப்போன இடங்களில் முட்புதர். காயா, காரை, களா, பாலை, ஈச்சம் புதர், சூரை முள். பெரும்பாலானவை ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். மழைக்காலத்துக்குப் பிறகு பார்த்தால் அவ்வளவு அழகு, ஆனால் பத்து மணி வெயிலுக்கு அடியில் நிழல் தேடினால் சைக்கிளுக்குக்கூடக் கிடைக்காது. நிழல் வேண்டுமென்றால் தைல மரத் தோப்பும் சவுக்குத் தோப்பும்தான், இரண்டும் வெட்டுவதற்காக நட்டவை, பறவைச் சத்தம்கூட அதிகம் இருக்காது. மாங்காடு, திருவேற்காடு, திருவாலங்காடு என்று பேரில் மட்டும் காடு வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்தப் புதர்க்காட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தூரத்திலிருந்து, ஓரத்திலிருந்து பார்த்தாலே அது முழுசாகத் தெரியும். உள்ளே போக வேண்டிய கட்டாயமே இல்லை.

அப்படியென்றால் எங்கே ஓட்டுவது? என் பதில்: காட்டை விட்டுவிட்டு ஏரியைப் பிடியுங்கள். ஒன்றாக இருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறைக் கணக்கில் மட்டும் 900-க்கு மேல் ஏரிகள். வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கத்தை ஏரி மாவட்டம் என்றே எழுதினார்கள். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கரை, கரைமேல் ஒரு வண்டித் தடம், மதகிலிருந்து வாய்க்காலோரம் இன்னொரு தடம், அது முடிகிற இடத்தில் அடுத்த ஊரின் கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடம்), அங்கிருந்து அடுத்த ஏரி. இப்படி ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் போகிற வழியே நீங்களும் போகலாம். இவை சங்கிலித் தொடராக வெட்டப்பட்டவை என்பதால், ஒரு கலங்கலின் வழியைப் பிடித்தால் தாழ்வான அடுத்த ஏரிக்கு அது தானாகவே கொண்டுபோய்விடும். சமதளம் கேட்டீர்கள் இல்லையா? நீர் வாட்டத்துக்கு மேல் ஒரு மேடும் இல்லாத பாதை இதைவிட எங்கே கிடைக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நெல்வயல், கரைச்சரிவில் பனை. அங்கங்கே காப்புக்காட்டின் ஓரமும் ஒட்டிக்கொண்டு வரும். மதுராந்தகம், செய்யூர் வட்டாரங்களிலும், அச்சிறுபாக்கம் சுற்றுவட்டாரத்திலும் இப்படி அரை நாளை எளிதாகக் கழிக்கலாம். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். சரணாலயக் கரைமேல் சைக்கிள் விடமாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள ஊர்ச் சாலைகளில் ஜனவரி மாதக் காலை ஒன்றை ஓட்டிப் பாருங்கள், தலைக்குமேல் கூழைக்கடா போகும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள். ஸ்பீக்கர் மாட்டிய சைக்கிளோடு அங்கே போகாதீர்கள்.

மேற்கே பூண்டி. நகரத்திலிருந்து 60 கிலோமீட்டர் வாக்கில், திருவள்ளூர்வரை மின்சார ரயில். 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம். கிருஷ்ணா தண்ணீர் வரும் கண்டலேறு–பூண்டி கால்வாய் மொத்தம் 177 கிலோமீட்டர், அதில் நம் எல்லைக்குள் வருவது 25. கால்வாய்க் கரையில் ஆய்வு வண்டிக்காகப் போட்ட கிராவல் தடம் உண்டு, ரோடு போட்டவன் கண்ணுக்கு அது கோயில் பிராகாரம் மாதிரி. ஆனால் அது துறையின் பாதை, பொதுச் சாலை இல்லை. கேட் பூட்டியிருந்தால் சைக்கிளைத் தூக்கிப் போடாதீர்கள். காவலுக்கு இருப்பவர் வேண்டாம் என்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள். அணைக்கு அருகே உள்ள அதிரம்பாக்கத்தில்தான் 15 லட்சம் வருடப் பழமையான கைக்கோடரிகள் கிடைத்தன என்று 2011-இல் அறிவித்தார்கள். பக்கத்துக் குடியம் குன்றுகள் முழுக்கக் கூழாங்கற்கள் சேர்ந்து இறுகிய பாறை. அது உதிர்ந்து உதிர்ந்து பாதையெல்லாம் முட்டை முட்டையாகக் கல். குடியம் குகைக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வழிகாட்டியோடு நடந்து போகலாம். சைக்கிளை ஊரில் நிறுத்திவிட்டு நடப்பதே மேல். அந்தக் கல்லில் ஓட்டினால் வண்டியும் நோகும், உடம்பும் நோகும்.

தரை வகைகளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது இதுதான். நன்றாக உருட்டிய செம்மண் கிராவல் காய்ந்த நாளில் தார் ரோட்டைவிடச் சுகம். அதில் உள்ள களிதான் சரளையைப் பிடித்து வைக்கிறது. வருடம் போகப் போகக் களி தூசியாய்ப் பறந்துவிடும், மேலே மிஞ்சுவது உருண்டைச் சரளை மட்டும். வளைவில் அதன்மேல் ஏறினால் பால்ரஸ் குண்டைக் கொட்டி வைத்ததுபோல் முன்சக்கரம் நழுவும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். டிராக்டர் போன தடம் இரண்டிலும் சரளை ஒதுங்கி மண் இறுகியிருக்கும், அதிலேயே போங்கள். சில இடங்களில் சாலை குறுக்கே வரிவரியாக, துவைக்கிற கல் மாதிரி ஆகியிருக்கும். காய்ந்த, பிடிப்பில்லாத கிராவலில் வண்டிகள் ஓரளவு வேகத்துக்கு மேல் ஓடினால் சக்கரம் துள்ளித் துள்ளி இந்த வரி விழுகிறது. மெதுவாக ஓடும் மாட்டுவண்டி இதை உண்டாக்காது. உங்கள் உள்ளங்கை மரத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் டிப்பர் லாரிதான். கடைசி ஓரத்தில் ஒரு சாண் அகலம் வரி விழாமல் இருக்கும், அதைத் தேடுங்கள்.

இருப்பதிலேயே மோசமானது கப்பி ரோடு. தார் போடுவதற்கு முன் பரப்பும் ஜல்லி அடுக்கு இரண்டு அளவில் இருக்கும். அடியில் 63 முதல் 45 மில்லிமீட்டர், மேலே 53 முதல் 22.4 மில்லிமீட்டர். முறைப்படி மேலே நுண்கல் தூவி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். பில் நின்றுபோன வேலையில் அது நடந்திருக்காது, ஜல்லி ஆறு மாதம் அப்படியே கிடக்கும். எவ்வளவு அகல டயர் இருந்தாலும் அதில் ஓட்டிச் சந்தோஷப்பட்டவரை நான் பார்த்ததில்லை. இறங்கித் தள்ளுங்கள், வெட்கமில்லை. ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உள்பக்கத்தில், இருப்பது வண்டல் களி. காய்ந்திருந்தால் பாளம் பாளமாக வெடித்து அழகாக இருக்கும், ஒரு மழை பட்டால் போச்சு. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு பத்தடியில் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டி நோண்டி நான் ஒரு முழுக் காலையை இழந்திருக்கிறேன். ஈ.சி.ஆர் பக்கம் மணல். அதற்கு இந்த வண்டியே தோதில்லை, விட்டுவிடுங்கள்.

சமதளம் என்றால் சுலபம் என்று எண்ணியிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்குக் கொஞ்சம் மறுப்பு. மேட்டில் ஏறினால் இறக்கத்தில் கால் ஓயும். சமதளத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நிற்கும், அதிலும் சரளையில் சட்டென்று நிற்கும். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி மிதிப்பதில் தொடையைவிடப் புட்டம்தான் முதலில் புகார் சொல்லும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். அப்புறம் காற்று. ஜூன், ஜூலையில் காலையில் மேல்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று. விடியலில் பூண்டிப் பக்கம் மேற்கே போனால் போகும்போதும் முகத்தில் அடிக்கும், மதியம் திரும்பும்போதும் முகத்தில் அடிக்கும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் எதிர்க்காற்று என்ற வினோதத்தை வேறெங்கும் நான் அனுபவித்ததில்லை. டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து. அப்போது ரயிலில் வடக்கே போய்விட்டுத் தெற்கு நோக்கி ஓட்டினால் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும்.

இனி வண்டி. உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய கறுப்பு ஹெர்குலஸ் நினைவிருக்கிறதா? அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது, நம் ஊரின் பாதி சைக்கிள் அங்கிருந்து வந்தது. அந்த வண்டியின் டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம், மில்லிமீட்டரில் ஏறக்குறைய 40. இன்றைக்குக் கிராவல் பைக் என்று விற்பதன் டயரும் ஏறக்குறைய அதே 40. பால்காரர் கேனோடு ஏரிக்கரையில் போனது இந்த அகலத்தின் தயவில்தான். புதிதாக வந்தது வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், லேசான எடை, நிறைய கியர். சர்வதேச சைக்கிள் சங்கம் இதற்கு உலகப் போட்டி வைக்க 2022 ஆகிவிட்டது, நம் பால்காரரைக் கேட்டிருந்தால் முன்பே வைத்திருப்பார்கள்.

ஆகவே ஒரு லட்சத்தை எடுப்பதற்கு முன் ஹைப்ரிட்டைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கிலும் பின் சட்டத்திலும் டயருக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 38 அல்லது 40 டயர் போட்ட பிறகு பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டராவது மிச்சம் இருக்குமானால், டயரை மட்டும் மாற்றி ஒரு சீசன் ஓட்டுங்கள். நான் சொன்ன எந்த ஏரிக்கரையும் அதற்கு மேல் கேட்காது. 35-க்கு மேல் நுழையாது என்றால் அது வேறு கதை, அப்போது வாங்கும் ஆசையை நான் தடுக்கமாட்டேன். வாங்கினால் கேபிளில் ஓடும் டிஸ்க் பிரேக் போதும். அச்சிறுபாக்கத்தில் கேபிள் அறுந்தால் கேபிள் கிடைக்கும், ஹைட்ராலிக் ஆயில் கிடைக்காது. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் இந்தச் சமதளத்துக்குத் தாராளம். கார்பன், சஸ்பென்ஷன் இரண்டும் இங்கே வீண் செலவு என்பது என் அபிப்பிராயம், அதில் மாற்றுக் கருத்துள்ள நல்ல ஓட்டிகள் நிறைய உண்டு.

காற்றழுத்தம் ஆளாளுக்கு மாறும். நான் 72 கிலோ, 40 டயர். டியூப் போட்டிருந்தபோது பின்னால் 45, முன்னால் 40 பி.எஸ்.ஐ வைத்தேன், டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது டியூப் இல்லாத டயருக்கு, மாறியபின் 36, 32. கையால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் எல்லாரும் அதிகமாகத்தான் அடிக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. டியூப்லெஸ் கட்டாயமா என்று கேட்டால், இந்த ஒரு ஊருக்கு ஆமாம் என்பேன். காரணம் முள். சீமைக்கருவேலம் 1877 வாக்கில் கொண்டுவந்து விட்டது, இன்று ஏரிக்கரைக்கு அதுதான் முடிசூடா மன்னன். வெட்டிப் போட்ட கிளையிலிருந்து காய்ந்த முள் மாதக்கணக்கில் கூர் மழுங்காமல் தரையில் நிற்கும். அது போதாதென்று பொங்கலுக்குப் பிறகு நெருஞ்சி. டியூப்பில் ஓட்டிய காலத்தில் ஒரே நாளில் ஐந்து பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் பால் போன்ற திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், பாக்கெட்டில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். மாறவே வேண்டாம் என்றால் இரண்டு ஸ்பேர் டியூப், ஒட்டுக் கிட், முள் பிடுங்க ஒரு சின்ன இடுக்கி. முள் முனை டயருக்குள் ஒடிந்து நின்றால் விரலுக்குத் தெரியாது. பஞ்சை உள்பக்கம் தடவுங்கள், முள் இருக்கிற இடத்தில் பஞ்சு சிக்கும். கிராமத்துப் பஞ்சர் கடை உதவும், ஆனால் அவரிடம் இருப்பது வால்டியூப் போட்ட வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்ற பம்ப். உங்கள் மெல்லிய வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர் பையில் இல்லையென்றால் அவரும் நீங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காலம் பற்றி: சென்னைக்கு வருடத்தில் பெய்வது ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். கரைகள் காய ஒரு வாரம் பத்து நாள் கொடுத்து, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய ஓட்டுங்கள். நனைந்த ஏரிக்கரையில் ஓட்டினால் உங்கள் தடம் வாய்க்காலாகி அடுத்த மழையில் கரை அரிக்கும், ஊர்க்காரர்கள் திட்டினால் நியாயம் அவர்கள் பக்கம். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டியே தீருவேன் என்றால் ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் வந்துவிடும், எட்டரைக்குள் நிழலில் இருங்கள். நுங்கு சாப்பிடுவதற்கென்றே ஒரு தடவை போகலாம்.

ஆபத்து என்றவுடன் எல்லோரும் பாம்பைக் கேட்கிறார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம், கட்டுவிரியன் நான்கும் இந்தப் பக்கம் உண்டு. புதருக்குள் கை விடாமலும், ஒன்றுக்குப் போக இறங்கும்போது காலடியைப் பார்த்தும் இருந்தால் பெரும்பாலும் போதும். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், அசையாமல் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேற்கொண்டு சொல்ல நான் டாக்டர் இல்லை. இந்த விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்களே நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்தான், 1978-இலிருந்து. பதினோரு வருடத்தில் பாம்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. நாய் இரண்டு முறை கடித்தது. துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள், அநேகமாக அதற்கு ஆர்வம் போய்விடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி. இன்னும் இரண்டு. கைவிட்ட கல்குவாரிகளில் தண்ணீர் நீலமாக அழைக்கும், இறங்காதீர்கள். விளிம்பிலிருந்து அடி ஆழம்வரை செங்குத்து. அனுமந்தபுரம் பக்கம் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது. அந்தத் திக்கில் தரையில் கிடக்கும் எந்த உலோகத் துண்டையும் எடுக்காதீர்கள், சிவப்புக் கொடி பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

தனியாகப் போகலாமா என்பதற்கு வருகிறேன். நான் போகிறேன். முதல் மூன்று நான்கு தடவை நீங்கள் போக வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள். போகும்போது கடைசி ஊரின் டீக்கடையில் நின்று, டீ குடித்துவிட்டு, எந்த ஏரி வழியாக எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வழி தெரிந்தாலும் கேளுங்கள். "அந்த மதகு உடைஞ்சு கெடக்குதுப்பா, கலங்கல் மேல ஏறாத, கோயில் பக்கமா சுத்திக்கிட்டுப் போ" என்று அந்த அக்கா சொல்வது எந்தச் செயலியிலும் இருக்காது. போன பிப்ரவரியில் செய்யூர் பக்கம் ஒரு கடையில் இப்படிச் சொல்லிவிட்டுப் போய், சங்கிலி அறுந்து, எட்டுக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு இரண்டு மணிக்குத்தான் மெயின் ரோட்டுக்கு வந்தேன். கடைக்காரம்மாவின் பையன் டி.வி.எஸ்ஸில் எதிரே வந்துகொண்டிருந்தான். "அம்மா பாத்துட்டு வரச் சொல்லுச்சு" என்றான்.